மலையில் வாழைப்பழ பிரெட், செய்வதும் போட்டோ எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலிலும், கீழே பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கமும் வீட்டில் கேக், பிரெட் செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி ஒரே சந்தேகம்தான், ஆள்தான் வேறு. சமையல் குறிப்புகள் எல்லாம் சமவெளி அடுப்புக்கு எழுதியவை. ஏழாயிரம் அடியில் காற்றும் வேறு, குளிரும் வேறு, பழமும் வேறு. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதிலை எழுதிவிட்டேன்.

வாழைப்பழ பிரெட்டுக்கு ஈஸ்ட் வாங்கணுமா அக்கா?

வேண்டாம். இது சோடா உப்பில் உப்பும் பண்டம். மாவு பிசைவதும் இல்லை, ஊறவைப்பதும் இல்லை. கலக்கியதும் அடுப்புக்குப் போக வேண்டும். 1930-களில் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் பரவலாக வர ஆரம்பித்த பிறகு, கனிந்துபோன பழத்தை வீணாக்காமல் இருக்க ஊர் ஊராகச் செய்கிறார்கள்.

சரி, முதல்ல அளவைச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் அப்புறம் கேக்குறேன்.

இது கொடைக்கானல் டவுன் உயரத்துக்கான அளவு. எட்டு அங்குல நீளம், நாலு அங்குல அகலமுள்ள பிரெட் டின் ஒன்றுக்கு: மைதா 200 கிராம், தோலுரித்து மசித்த பழம் 300 கிராம், சர்க்கரை 100 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 80 மில்லி, முட்டை 2, புளித்த தயிர் 3 மேசைக்கரண்டி, சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. பட்டைத்தூள் இஷ்டம். எனக்குப் பிடிக்காது, பழத்தின் வாசனையை அது அமுக்கிவிடும்.

மைதா, சோடா உப்பு, உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் பழம், சர்க்கரை, எண்ணெய், முட்டை, தயிர் எல்லாவற்றையும் நன்றாக அடித்துக் கலக்குங்கள். மாவை அதில் கொட்டிக் கரண்டியால் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். முன்பே சூடாக்கிய அவனில் 185 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது, ஒன்றிரண்டு உதிர்ந்த துகள் ஒட்டலாம்.

எந்தப் பழம் நல்லது? மலைவாழைதான் போடணுமா?

கட்டாயமில்லை. ஆனால் கையருகே இருக்கும்போது வேறு எதற்கு? காப்பித் தோட்டத்து நிழலில் ஊடுபயிராக வளரும் விருப்பாச்சி மலைவாழை, பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழம். புவிசார் குறியீடும் வாங்கியது. சதையில் நீர் குறைவு, அதனால்தான் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடுவதில்லை. தோல் சுருங்கச் சுருங்க இனிப்பு ஏறும், அழுகாது.

நீர் குறைவு என்பதுதான் பிரெட்டில் கவனிக்க வேண்டிய இடம். பச்சைப்பழம் (மோரிஸ் என்று கடையில் சொல்வது) மசித்தால் கஞ்சிபோல் ஓடும், மலைவாழை களிபோல் நிற்கும். மேலே சொன்ன மூன்று கரண்டி தயிர் அதற்காகத்தான். பச்சைப்பழம் போட்டால் தயிரை ஒரு கரண்டியாகக் குறையுங்கள். பூவனில் லேசான புளிப்பு உண்டு, சோடா உப்புக்கு அது நல்லது. நேந்திரம் மட்டும் நன்றாகக் கறுக்கக் கனிந்தால் தவிர வேண்டாம். எண்ணிக்கையை வைத்துப் போடாமல் தராசில் வைத்துப் போடுங்கள். மலைவாழை ஒன்று கட்டைவிரல் நீளத்துக்கும் இருக்கும், கை நீளத்துக்கும் இருக்கும்.

தோல் கறுத்துடுச்சு, ஆனா உரிச்சா உள்ள கட்டியா இருக்கு. இது பழுத்ததா இல்லையா?

பழுக்கவில்லை, குளிரில் அடிபட்டிருக்கிறது. வாழைப்பழத்துக்கு ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால் தோலிலுள்ள செல்கள் சேதமாகிக் கறுக்கும். உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் வேலை நின்றுவிடும். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் வீட்டுச் சமையலறையே ராத்திரியில் அந்தச் சூட்டுக்குக் கீழே போய்விடுகிறது. பழத்தை ஃபிரிட்ஜில் வைத்ததற்கும் மேடையில் வைத்ததற்கும் வித்தியாசம் இருக்காது. "கறுத்த பழம்தான் பிரெட்டுக்கு நல்லது" என்று கீழ்நாட்டில் சொல்வதை இங்கே அப்படியே நம்பக் கூடாது. நிறத்தைப் பார்க்காமல் அமுக்கிப் பாருங்கள், மோந்து பாருங்கள்.

காயாக வாங்கியதை அரிசிப் பானைக்குள் புதைத்து, பானையை அடுப்புத் திண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அல்லது காகிதப் பையில் கனிந்த பேரிக்காய் ஒன்றோடு போட்டுக் கட்டுங்கள். அது விடும் எத்திலீன் வாயு வாழைப்பழத்தையும் பழுக்க வைக்கும். ஒருமுறை குளிரில் நன்றாக அடிபட்ட பழம் அதன் பிறகு சரியாகப் பழுப்பதில்லை. அவனில் வைத்துச் சுட்டால் மெத்தென ஆகும், முழு இனிப்பு வராது. அதைப் பஜ்ஜிக்கு விட்டுவிடுங்கள்.

மதுரையில என் தங்கச்சி நெட்டுல பாத்த அளவுலயே பண்றா, சூப்பரா வருது. அதே அளவு எனக்கு மட்டும் நடுவுல குழி விழுது. ஏன்?

உங்கள் கை பழுதில்லை. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சோடா உப்பு விடும் வாயுவை அமுக்கிப் பிடிக்க வெளியே ஆள் குறைவு, அதனால் குமிழிகள் அதிகமாகப் பெருக்கும். மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே உச்சிக்குப் போய், உடைந்து, நடுப்பகுதி கீழே இறங்கிவிடும். அவனில் பார்க்கும்போது அழகாக மேடு கட்டியிருக்கும், வெளியே எடுத்ததும் பள்ளம்.

இன்னொன்று, இங்கே நீர் 93 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. ஈரம் சீக்கிரம் ஆவியாகும், மிச்சமுள்ள பாகில் சர்க்கரை அடர்த்தியாகும். சர்க்கரை அதிகமானால் மாவு இறுக நேரம் எடுக்கும், பள்ளம் இன்னும் பெரிதாகும். ஆகவே சமவெளிக் குறிப்பில் நாலு மாற்றம்: சோடா அல்லது பேக்கிங் பவுடரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைப்பது, ஒரு கப் சர்க்கரைக்கு இரண்டு மேசைக்கரண்டி குறைப்பது, ஒரு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி திரவம் கூட்டுவது, அவன் சூட்டை 10 டிகிரி ஏற்றுவது. நான் மேலே கொடுத்த அளவில் இவை ஏற்கெனவே செய்தாயிற்று, மறுபடியும் குறைத்துவிடாதீர்கள்.

நான் இருக்கிறது பண்ணைக்காட்டுல. அப்போ எனக்கு எந்த அளவு?

நீங்கள் டவுனைவிட நன்றாகக் கீழே இருக்கிறீர்கள், பாதி மாற்றம் போதும். சோடா உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட, சர்க்கரை 110 கிராம், சூடு 180. தாண்டிக்குடிக்காரர்களுக்கும் இதுதான். வத்தலக்குண்டில் இறங்கிவிட்டால் தங்கச்சி அளவு.

வெண்ணெயும் சர்க்கரையும் அடிச்சா திரிதிரியா நிக்குது. என்ன பண்ண?

குறிப்பில் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று இருந்தால் அது 20 டிகிரிக்கு மேலே உள்ள அறை. நம் வீட்டில் ஜனவரிக் காலையில் வெண்ணெய் செங்கல்தான். அதற்குமேல் குளிர்ந்த முட்டையை ஊற்றினால் திரியாமல் என்ன செய்யும்? எண்ணெய்க்கு மாறுங்கள், ஆறினாலும் பிரெட் மெதுவாக இருக்கும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், கலக்கும்போதே உறைந்துவிடும். வெண்ணெய் ருசிதான் வேண்டுமென்றால் உருக்கி ஊற்றுங்கள், முட்டையைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுல அவன் இல்ல. குக்கர்ல வருமா?

வரும். குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்ட் வைத்து, காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தடவிய வட்டப் பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, சிறு தீயில் 50 நிமிடத்துக்குப் பிறகு குத்திப் பாருங்கள். பிரெட் டின் உள்ளே போகாது, உயரம் குறைந்த வட்டம்தான் கிடைக்கும். மேல்பக்கம் வெளுத்தே இருக்கும், அது குக்கரின் குணம். போட்டோவுக்கு வெட்டிய பக்கத்தைக் காட்டிக்கொள்ளலாம். அலுமினியக் குக்கர் வெறுமையாகச் சூடாவதால் கெட்டுப்போகும், அதனால் இதற்கென்று ஒரு பழைய குக்கரை ஒதுக்கிவிடுங்கள்.

ஓடிஜில (கரண்ட்ல ஓடுற சின்ன அவன்) 185 வெச்சும் ஒன்றரை மணி நேரம் ஆகுது. மெஷின் ரிப்பேரா?

முதலில் கரண்டைப் பாருங்கள். சூடாக்கும் கம்பி எவ்வளவு வாட் தரும் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் கம்பி தருவது முழுச் சூட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் கொஞ்சம்தான். டயல் 185 காட்டும், உள்ளே அந்தச் சூடு ஏறவே ஏறாது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும் நேரத்தில் பேக்கிங் வைக்காதீர்கள். காலை பதினொரு மணிக்கு மேல் நல்ல நேரம். அவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் டயல் சொல்வது நிஜமா என்று தெரிந்துவிடும்.

பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் காத்திருங்கள். பத்து நிமிடத்துக்குள் வந்தால் பிழைக்கும். அரைமணி போனால் மாவு வெளியே வேகும், உள்ளே களியாகும்.

பிரெட்டுக்குள்ள குத்துற தெர்மாமீட்டர் வாங்கினேன். 96 டிகிரி வரணும்னு போட்டிருக்கு. எனக்கு 92-லயே நிக்குது, அதுக்குள்ள ஓரம் கருகுது.

96 வரவே வராது. குழி விழும் கேள்வியில் சொன்னேனே, இங்கே நீரே 93 வாக்கில் கொதிக்கிறது. பிரெட்டின் நடுவில் ஈரம் இருக்கும்வரை சூடு அதைத் தாண்டாது. 96 வந்தால் பிரெட் காய்ந்து ரஸ்க் ஆகிவிட்டது என்று பொருள். கொடைக்கானலில் 90, 91 வந்ததும் எடுத்துவிடுங்கள்.

முட்டை போடாம, வெல்லம் போட்டு, கோதுமையில பண்ணலாமா?

மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். சரியாக வராவிட்டால் எதைக் குறை சொல்வது? முட்டைக்குப் பதில் அரைக் கப் தயிர் (ஏற்கெனவே உள்ள தயிரோடு சேர்த்து). வெல்லமென்றால் கல் மண் இல்லாமல் துருவிப் போடுங்கள், பாகு காய்ச்சி ஊற்றினால் ஈரம் கூடிவிடும். நிறம் கருமையாகும், அதுவும் ஒரு அழகுதான். கோதுமை மாவு தவிட்டோடு இருப்பதால் அதிக ஈரம் குடிக்கும், பாதி மைதா பாதி கோதுமையில் ஆரம்பியுங்கள்.

சோடா உப்பை மட்டும் "கொஞ்சம் கூடப் போட்டா நல்லா உப்பும்" என்று கூட்டாதீர்கள். பழமும் தயிரும் தரும் புளிப்புக்கு மிஞ்சிய சோடா பிரெட்டிலேயே தங்கி, சவக்காரம் போல நாக்கில் நிற்கும்.

வெட்டினா அடியில விரல் கனத்துக்கு ஈரமா ஒரு பட்டை தெரியுது. வேகலையா?

சில சமயம் வேகாததுதான், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. பழம் 300 கிராமுக்கு மிஞ்சிப் போயிருக்கும், அல்லது மாவு போட்ட பிறகு மிக்ஸியில் அடித்திருப்பீர்கள். பழம் கிடக்கிறதே என்று ஒன்றைக் கூடச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஒரு பழம்தான் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கலக்கிய மாவை டின்னில் வைத்துக்கொண்டு கரண்டுக்குக் காத்திருந்தாலும் இப்படி ஆகும். சோடா வேலையை முடித்துவிடும், அடுப்புக்குள் போகும்போது தூக்க வாயு மிச்சமிருக்காது.

எத்தனை நாள் வெச்சுச் சாப்பிடலாம்? ஃபிரிட்ஜ்ல வைக்கணுமா?

குளிர்காலத்தில் இங்கே மேடையிலேயே நாலைந்து நாள் பூசணம் பிடிக்காது. மழைக்காலத்தில் அதை நம்ப வேண்டாம். ஃபிரிட்ஜ் தேவையில்லை. மாவுச்சத்து இறுகிப் பிரெட் விறைத்துப்போவது ஃபிரிட்ஜ் குளிரில்தான் வேகமாக நடக்கும். நம் சமையலறையே பாதி ஃபிரிட்ஜ் என்பதால் மறுநாளே கொஞ்சம் விறைப்பு தெரியும். துண்டு போட்டு, தோசைக்கல்லில் நெய் தடவி இரண்டு பக்கமும் சுட்டால் முதல் நாளைவிட ருசி.

திண்டுக்கல், மதுரைக்குக் கொடுத்தனுப்பினால் முழுவதும் ஆறிய பிறகே பட்டர் பேப்பரில் சுற்றுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும், அந்த ஈரத்தோடு மலை இறங்கி வெயிலில் போய் உட்கார்ந்தால் இரண்டாம் நாளே பூசணம்.

சாப்பிட்டா பிரமாதமா இருக்கு. போட்டோவுல பாத்தா பழுப்பா ஒரு கட்டை. என்ன பண்றது?

முழு பிரெட்டை எடுக்காதீர்கள். இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைச் சாய்த்து வைத்து, உள்ளே தெரியும் துளைகளையும் பழத்தின் கறுப்பு இழைகளையும் காட்டுங்கள். வெட்டுவதற்கு முன் முழுவதும் ஆற வேண்டும். பல்லுள்ள கத்தியால் அழுத்தாமல் இழுத்து அறுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். பழுப்புப் பலகைமேல் பழுப்பு பிரெட்டை வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வெளிறிய சாம்பல் துணி, நீலப் பீங்கான் தட்டு, பச்சை வாழையிலை எதுவானாலும் சரி.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால்தான் துளைகளில் நிழல் விழுந்து மேடுபள்ளம் தெரியும். எதிர்ப்பக்கம் இருட்டாக இருந்தால் வெள்ளை சார்ட் ஒன்றை நிறுத்துங்கள், மடித்த வேட்டி கூடப் போதும். போனைக் கிட்டத்தில் கொண்டுபோய் அகல லென்ஸில் எடுத்தால் முன்பக்கம் வீங்கித் தெரியும். ஓரடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

மூடுபனி நேரத்துல எடுத்தா எல்லாம் நீலமாவும் மங்கலாவும் வருது. வெயில் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

காத்திருக்காதீர்கள், மூடுபனி நமக்குக் கிடைத்த வசதி. சமவெளியில் ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தை மெதுவாக்குகிறார்கள். இங்கே மதியத்துக்கு மேல் ஏரிப்பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நிழல் கரகரப்பாக விழாது, மேலோட்டில் வெள்ளைத் திட்டு வராது.

நீலம் வருவது நிஜம். அதற்குப் படம் எடுத்த பிறகு எடிட்டில் "வார்ம்த்" கம்பியைக் கொஞ்சம் தள்ளுங்கள். படத்தில் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தால் அது வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தலாம். மங்கலுக்கு, திரையில் பிரெட்டின் மேல் விரலை வைத்துத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் ஒன்றாக எரிந்தால் மட்டும் எந்த எடிட்டும் காப்பாற்றாது.

ஆவி பறக்குற மாதிரி எடுக்கணும். ஆனா ஆறின பிறகு வெட்டச் சொல்றீங்களே?

ஓரத்துண்டை மட்டும் சூட்டில் வெட்டுங்கள். அது பிய்ந்தாலும் நஷ்டமில்லை, வீட்டில் அதற்கு முதல் ஆள் எப்போதும் தயார். பிரெட்டுக்குப் பின்பக்கம் ஜன்னல், அதற்கும் பின்னால் இருண்ட ஏதாவது, கதவோ மரமோ இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி கண்ணுக்கே தெரியாது. நம் குளிரில் ஆவி நன்றாகத் திரண்டு தெரியும், நிமிடத்துக்குள் அடங்கியும் விடும். போனை முன்பே நிலைநிறுத்தி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். மற்ற படங்கள் ஆறிய பிறகு.

போன் லென்ஸ்ல பனி படியுது. குளிர்தான் காரணமா?

குளிர்ந்த போன் சூடான, ஆவி நிறைந்த சமையலறைக்குள் வந்தால் படியும். உள்ளிருந்து வெளியே போகும்போது அந்தத் தொல்லை இல்லை. வெளித்திண்ணையில் கிடந்த போனைக் கொண்டுவந்ததும் எடுக்காமல் கால் மணி நேரம் உள்ளே வைத்திருங்கள். சேலைத் தலைப்பால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இன்னும் மங்கும், சுத்தமான பருத்தித் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோக்கர்ஸ் வாக் மாதிரி இடத்துல பள்ளத்தாக்கு தெரியுற மாதிரி வெச்சு எடுக்கலாமா?

எடுக்கலாம், குரங்கு விட்டால். வாழைப்பழ வாசனைக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. தட்டைத் தூக்குவதோடு நிற்காது, கையையும் கடிக்கும். தின்னக் கொடுத்துப் பழக்குவதும் தப்பு. வீட்டு ஜன்னலிலிருந்தே மலை தெரியுமானால் அதுவே போதும். பிரெட்டுக்கு ஃபோகஸ் வைத்துப் பின்னால் மலையை மங்கலாக விடுங்கள்.

ஆர்டர் எடுக்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நல்ல படம் நெட்டுல இருந்து எடுத்துப் போட்டுக்கலாமா?

கூடாது. அடுத்தவர் படம் என்பது ஒரு காரணம். சமவெளி அவனில் உயர மேடு கட்டிய பிரெட்டைக் காட்டி, நம் மலைப் பிரெட்டைக் கொடுத்தால் வாங்குகிறவர் கேட்பார் என்பது இன்னொரு காரணம். மலைவாழையில் செய்தது கொஞ்சம் அடர்த்தியாக, நிறம் ஆழமாகத்தான் இருக்கும். அதையே காட்டி, அதையே விற்றுக்கொள்ளுங்கள். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், வீட்டிலிருந்து விற்றாலும்.

போட்டோவுக்காக மேல நீளமா வெட்டின பழம் வெச்சேன். பாதி மூழ்கிடுச்சு, மீதி கறுத்துடுச்சு. படத்துல எல்லாம் எப்படி அழகா நிக்குது?

இரண்டு தொல்லை சேர்ந்து வந்திருக்கிறது. முதலாவது, குழி விழும் கேள்வியில் சொன்னபடி நம் உயரத்தில் நடுப்பகுதி ஏற்கெனவே தாங்கும் தெம்பில்லாமல் இருக்கும். அதன் தலையில் பாரம் ஏற்றினால் இறங்கத்தான் செய்யும். பழத்தை முழுப் பாதியாக வைக்காமல் கால் அங்குலக் கனத்துக்குச் சீவி, நடுவை விட்டு ஓரங்களையொட்டி வையுங்கள். மலைவாழை குட்டை என்பதால் எட்டு அங்குல டின்னில் முனைக்கு முனை இரண்டைச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

கறுப்பதற்குக் காரணம் காற்றுப் பட்டுச் சதை நிறம் மாறுவது. மாவை டின்னில் ஊற்றிய பிறகே பழத்தை வெட்டுங்கள், வெட்டிய பக்கம் மேலே இருக்கட்டும், எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தடவி, அதன்மேல் அரைத் தேக்கரண்டி சர்க்கரை தூவுங்கள். சர்க்கரை உருகிப் பளபளவென்று பொன்னிறமாகும். இதற்கு மட்டும் அதிகம் கனியாத, கையில் பிடித்தால் வளையாத பழமாக எடுங்கள். நாற்பது நிமிடத்தில் எட்டிப் பார்த்து, நிறம் போதுமென்றால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டு மிச்ச நேரம் வேகவிடுங்கள்.